இறுகிப்போன ஸ்டியரிங்

எனக்குப் பதினோரு வயது நடந்தபோது, எங்கள் வண்டிக்கு அடியில் அந்தச் சிவப்புக் கறையை முதன்முதலாகப் பார்த்தேன். மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், முன் சக்கரத்தை ஒட்டிச் சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. பூனை எதையாவது கடித்துப் போட்டிருக்கிறதோ என்று பயந்துகொண்டே குனிந்து விரலால் தொட்டேன். வழவழவென்று இருந்தது. எண்ணெய்.

அந்த வண்டி என்னைவிட மூன்று வயது மூத்தது. அப்பா மஸ்கட்டுக்கு வேலைக்குப் போவதற்கு முன், தெரிந்த ஒருவர் ஓட்டி முடித்ததை வாங்கி நிறுத்திவிட்டுப் போனார். அவர் போன பிறகு அம்மாதான் ஓட்டினாள். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். நானும் அங்கேதான் படித்தேன். எங்கள் சொந்தத்தில் கார் ஓட்டிய பெண் அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது, சாந்தோமில் இரண்டு கார்களுக்கு நடுவே ஒரே மூச்சில் பின்னால் எடுத்து வண்டியை நிறுத்துவாள். யாராவது பார்க்கிறார்களா என்று நான் சுற்றுமுற்றும் பார்ப்பேன். பார்க்காவிட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கறையைக் காட்டியதும் அம்மாவுக்கு ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, ஸ்டியரிங் இறுகிவிட்டது, திருப்ப முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். லஸ் முனையில் திரும்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பாள். இப்போது காரணம் தெரிந்துவிட்டது. மாலையில் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை. அவருக்கு பைக் மட்டும்தான் ஓட்டத் தெரியும் என்றாலும் வண்டிகளைப் பற்றிப் பேசத் தயங்கமாட்டார். பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

“பவர் ஸ்டியரிங் ஆயில் ஒழுகுதுக்கா. ஆயில் இல்லன்னா இறுகத்தான் செய்யும்.”

ஒரு புட்டி ஆயில் வாங்கி வந்து ஊற்றினார். மிச்சத்தை டிக்கியில் வைத்து, வாரம் ஒருமுறை அளவைப் பார்க்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை காலையில் அம்மா பானட்டைத் தூக்கிப் பிடிக்க, நான் அந்தச் சின்ன டப்பாவின் மூடியைத் திறந்து, கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அறிவிப்பேன். மூடி எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கும். அம்மா ஒருநாள் அதைத் திறக்கப் பார்த்து முடியாமல் என்னிடமே விட்டாள். என் கை பெரிய ஆள் கை ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஊற்றிய அன்று கொஞ்சம் பரவாயில்லை என்பாள். மறுநாள் மறுபடியும் இறுக்கம் என்பாள். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

ஒரு சனிக்கிழமை பட்டினப்பாக்கத்துக்கு மீன் வாங்கப் போனோம். கடலோரச் சாலையில் இரண்டு பக்கமும் மீன்கடைகள். அம்மா வண்டியை இடப்பக்கமாக ஒடித்து ஓரங்கட்டியவள், பிறகு நேராக்க வேண்டிய இடத்தில் நேராக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பது எனக்குத் தெரிந்தது, சக்கரம்தான் திரும்பவில்லை. பிரேக் போடுவதற்குள் ஒரு கடையின் குடைக்கம்பில் மோதியதில், மீன் பரப்பியிருந்த பலகையும் சாய்ந்தது. சங்கராவும் கிழங்கானும் மண்ணில் கொட்டின. பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு எழுந்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மடியில் அவ்வளவு நேரம் குழந்தை இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

“யம்மா, இன்னா ஓட்ற நீ? புள்ள இங்க உக்காந்துகினு கீது, கண்ணு தெர்ல?”

அம்மா இறங்கிப் போய்க் குழந்தையின் கை, கால், தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மண்ணில் விழுந்த மீனையெல்லாம் பொறுக்கத் தொடங்கினாள். ஒரு மீன் அவள் கையிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. திட்டிக்கொண்டிருந்த அம்மாளே கடைசியில் குரலைத் தணித்து, “வுடும்மா, நான் பாத்துக்கறேன். நீ போயி மொதல்ல வண்டிய சரி பண்ணு” என்றாள்.

அதன்பிறகு ஆயில் ஊற்றிச் சமாளிக்கிற பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த மெக்கானிக்கிடம் மாமா கூட்டிப்போனார். எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் நைனா என்று கூப்பிடுவதால் அவருக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அடையாற்றங்கரையில் இருந்த அவர்கள் வீடுகளை இடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி இந்தச் சந்துக்கு வருவார். அதிகம் பேசமாட்டார்.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி, அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எங்களையும் குனியச் சொன்னார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரங்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுகிற நீண்ட தண்டு ஒன்று குறுக்கே கிடந்தது. ராக் என்றார். அதன் முனையில் மடிப்பு மடிப்பாக இருந்த ரப்பர் உறையை அவர் அமுக்கியதும் சிவப்பு எண்ணெய் சொட்டியது.

“ஆயில தடுக்கற சீல் போயிட்ச்சு. ராக்க எறக்கணும் டீச்சர். உள்ள ராடு துரு புட்ச்சிருந்தா, புது சீல் போட்டாலும் நிக்காது. கடைசல் பட்டறைல குடுத்து வழவழன்னு ஆக்கிட்டுதான் மாட்டணும். மூணு நாளு ஆவும்.”

மூன்றாம் நாள் பள்ளிவிட்டு வந்ததும் அம்மாவும் நானும் போனோம். ராக்கை மாட்டி முடித்திருந்தார். முன் சக்கரங்கள் இன்னும் தரைக்கு மேலே நின்றன. குழாய்களில் காற்று தங்கியிருக்கும், அது வெளியேற வேண்டும் என்றால் யாராவது ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கோடிவரை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் ஆயில் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

“பாப்பா, நீ ஏறு. நான் சொல்லச் சொல்ல மெதுவா திருப்பு.”

நான் ஏறி உட்கார்ந்தேன். டப்பாவில் நுரை கிளம்பி அடங்கும்வரை இருபது முப்பது முறை திருப்பினேன். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி எஞ்சினைப் போட்டு, இப்போது திருப்பு என்றார். ஒரு கையால் திருப்பினேன். அப்புறம் ஒரே விரலால். அலமாரிக் கதவு திறப்பதுபோல் சக்கரங்கள் நகர்ந்தன. பானட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அம்மா ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இரண்டு நாள் கழித்து மாமாவிடம் தொலைபேசியில் சொல்வது கேட்டது: “இன்னும் இறுக்கமாத்தான்டா இருக்கு.”

மாமாவுக்கு வந்த கோபத்தில் மறுநாளே லீவு போட்டு வந்துவிட்டார். நான், அம்மா, மாமா மூவரும் சந்துக்குப் போனோம். நைனா வண்டிக்கு அடியில் போய் ரப்பர் உறையைத் தொட்டு விரலைக் காட்டினார். காய்ந்திருந்தது. டயரில் காற்று பார்த்தார். பெல்ட்டை அமுக்கிப் பார்த்தார். அக்கம்பக்கத் தெருக்களில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

“வண்டில ஒண்ணும் இல்ல நைனா. பஞ்சாட்டம் கீது.”

“அப்ப எங்க அக்கா பொய் சொல்றாங்களா? என்ன சீல் போட்ட நீ? டூப்ளிகேட்டா?”

நைனா என் பக்கம் திரும்பினார்.

“பாப்பாவே சொல்லட்டும். அன்னிக்கி நீதான திருப்புன? டைட்டாவா இருந்துச்சு?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. தெருவில் நான்கு பேர் முன்னால் என் அம்மாவைப் பொய்க்காரி ஆக்கப் பார்க்கிறார் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

“ஆமா. டைட்டாதான் இருந்துச்சு” என்றேன்.

அவர் மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். “சரி. ரெண்டு நாளு வுட்டுட்டுப் போங்க” என்றார்.

மறுபடியும் ராக்கை இறக்கி, பிரித்து, புதிதாக இன்னொரு ஜோடி சீல் போட்டு மாட்டியிருந்தார். மாமாவும் நாங்களும் எடுக்கப் போன மாலையில், எஞ்சின் ஓட, அம்மாவை உட்காரவைத்துத் திருப்பச் சொன்னார். ஜன்னலில் கைவைத்துக் குனிந்து நின்றார். சக்கரத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடது கையால் இழுத்தாள். வலது கை ஸ்டியரிங் மேல் சும்மா போட்டதுபோல் கிடந்தது.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கையக் காட்டுங்க.” கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தன் கையில் தொட்டுக் காட்டினார். “இந்த எடத்துல உங்களுக்கு சதை வத்திப் போயி கீது பாருங்க. இந்தப் பக்கத்துக் கை அப்பிடி இல்ல. வண்டிய நான் ரெண்டு தபா பாத்துட்டேன். ஒரு தபா டாக்டராண்ட கையக் காட்டுங்க.”

மாமா பாய்ந்து வந்தார். “வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எங்க அக்காவுக்கு சீக்குன்னு சொல்ற வேலை வெச்சுக்காத.”

நைனா கையைத் துணியில் துடைத்தபடி ஒதுங்கி நின்றார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஓடிப்போய் மறுபக்கம் ஏறினேன். மாமா பைக்கில் முன்னால் போய்விட்டார்.

சந்திலிருந்து வெளியே வந்ததும் நான் ஆரம்பித்தேன். “அவன் பொய் சொல்றான்மா.”

“அவன் இல்ல. அவர்” என்றாள் அம்மா.

பள்ளியில்கூட அவள் மரியாதை பற்றி அடிக்கடி சொல்கிறவள்தான் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே, பஸ்கள் நிற்கும் இடத்துக்கு முன்பாக, அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

“நீ அன்னிக்கு அவர் கேட்டப்போ சொன்னியே, அது நெஜமா? எனக்குக் கோபம் வராது. உள்ளதைச் சொல்லு. இறுக்கமாவா இருந்துச்சு?”

ஒருமுறை சொன்ன பொய்யை இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருந்தது. “ரொம்ப இறுக்கம்மா. எனக்கே கை வலிச்சுது.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பெருமூச்சு விட்டாள். என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, “அப்ப வண்டிலதான்” என்றாள். அவளைச் சந்தோஷப்படுத்திவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பூரித்தது.

பிறகு தியாகராய நகரில் வேறு ஒரு இடத்தில் வண்டியைக் காட்டினோம். அவர்கள் பம்பை மாற்றினார்கள். இறுக்கம் தீரவில்லை. நான்கு மாதம் கழித்து, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மாவின் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. எடுக்கக் குனிந்தாள், எடுக்க முடியவில்லை. முன் பெஞ்சுப் பெண் எடுத்துக்கொடுத்தாள். அன்று மாலைதான் டாக்டரிடம் போனாள். சதைகளை ஒவ்வொன்றாக வற்றவைக்கிற நரம்பு நோய், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது என்றார்கள். முன்னமே வந்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னதை மாமா எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா வேலையை விட்டுவிட்டு வந்தார். கை, கால், கடைசியில் பேச்சு. மூன்று வருடம்.

அம்மாவின் அடக்கத்தன்று கல்லறை வாசலில் நைனா நின்றிருந்தார். யார் சொல்லி வந்தாரோ. எல்லோரும் கலைந்த பிறகு நான் அவரிடம் போனேன். அன்று நான் சொன்னது பொய் என்றேன்.

“தெரியும் பாப்பா. நீ ஒத்த வெரல்ல திருப்புனத நாந்தான பாத்துக்கினு இருந்தேன்” என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

டாக்டர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த நான்கு மாதத்தில் அவளால் இன்னும் எழுத முடிந்தது, என் தலையை வாரிப் பின்ன முடிந்தது, அப்பாவை உடனே வரச்சொல்லியிருக்க முடிந்தது. ரயில் நிலையத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி, இந்த உலகத்தில் தான் நம்பக்கூடிய ஒரே ஆளிடம் அவள் ஒரு கேள்வி கேட்டாள். வண்டியைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் பதில் சொன்னேன்.