பசியில் சிவந்த ஈஸ்ட்

முத்துசெல்வி எதையும் வீணாக்க மாட்டாள். வளர்ப்பு அப்படி. கழுகுமலைப் பக்கம் கரிசல் காட்டில் மக்காச்சோளம், தொழுவில் செம்மறி என்று பிழைக்கிற குடும்பம். திடீரென்று நாலு பேர் வந்து நின்றால், அவள் அம்மா மோரில் இன்னொரு செம்பு தண்ணீரை ஊற்றி, உப்பைக் கூடப் போட்டுச் சமாளித்துவிடுவாள். குடித்த யாரும் குறை சொன்னதில்லை. அந்தக் கைப்பக்குவத்தை மகள் ஈஸ்ட்டிடம் கொண்டுபோய்க் காட்டினாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் அவள் பயோடெக் கடைசி வருஷம். அவளும் ஷிரினும் இன்னும் சிலரும் குழுவாகச் சேர்ந்து, மாணவர் போட்டி ஒன்றுக்காக ஈஸ்ட்டின் மரபணுவை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பேக்கரியில் மாவைப் பொங்க வைக்கிற அதே ஈஸ்ட்தான். மழையில் நனைந்த மக்காச்சோளத்தில் பூசணம் பிடித்தால் ஒருவகை நஞ்சு ஊறும். கண்ணுக்குத் தெரியாது, தின்ற ஆட்டின் ஈரலைக் கெடுத்துவிடும். அந்த நஞ்சு பட்டால் வெள்ளை ஈஸ்ட் சிவக்க வேண்டும் என்பது திட்டம். யோசனை முத்துசெல்வியுடையது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தத் தை மாதம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் காயப்போட்டிருந்த சோளமெல்லாம் நனைந்தது. அவள் தன் அப்பா கோபாலசாமியின் சோளத்திலேயே ஒரு பை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனாள். தட்டுகளில் ஊற்றும் ஈஸ்ட் தீனியைக் காய்ச்சுவது அவள் வேலை. அதில் அடினின் என்றொரு சத்தைச் சேர்க்க வேண்டும். சோளம் வைக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தட்டுகளை ஊற்றி முடிக்கும்போதே புட்டி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. புதுசு வர நாளாகும். சோளம் வைக்கும் தட்டுகளுக்கான தீனியில், இருந்ததைப் பரத்திப் போட்டுச் சமாளித்தாள். யாரிடமும் சொல்லவும் தோன்றவில்லை. மோரில் தண்ணீர் சேர்த்ததை விருந்தாளியிடம் சொல்லுகிறவர் யார்?

ஒப்பிடும் தட்டுகள் வெள்ளையாகவே இருந்தன. சோளம் வைத்த தட்டுகள் அத்தனையும் சிவந்தன. குழுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. முத்துசெல்வி அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு ஓடினாள்.

“எப்பா, சோளத்த வித்துராதீங்க. ஆட்டுக்கும் போட்டுராதீங்க. வெசம் இருக்கு.”

“கண்ணால பாத்தியா தாயி?”

“பாத்தேம்ப்பா. ரத்தமாச் செவந்துட்டு.”

கோபாலசாமி மறுபேச்சுப் பேசவில்லை. கோழித் தீவனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று வியாபாரி கெஞ்சியும் கொடுக்கவில்லை. அடுத்தவன் கோழியும் உயிர்தானே என்கிற மனுஷன். ஆடுகள் மோந்துகூடப் பார்த்துவிடக் கூடாதென்று ஜேசிபி வைத்துக் குழி தோண்டிப் புதைத்தார். அத்தோடு விட்டாரா? பக்கத்துக் காட்டுக்காரர் வன்னியபெருமாளிடம் போய், “எம் மவ பாத்துச் சொல்லுதா, கேளுப்பா” என்று கெஞ்சி, அவர் சோளத்தையும் புதைக்க வைத்தார். வருஷத்தை ஓட்ட இரண்டு தொழுவிலும் ஆடுகள் விலை போயின.

போட்டிக்கு முன்னால் இன்னொரு முறை பார்த்துவிடுவோம் என்று, புது அடினின் போட்டு ஷிரின் தீனி காய்ச்சினாள். அதே சோளம். தட்டு வெள்ளையாகவே இருந்தது.

“ஏட்டி, போன தடவ அடினின் எவ்வளவு போட்ட?”

முத்துசெல்வி சொன்னாள். அந்தச் சத்து குறைந்தால் நஞ்சே இல்லாமலும் அந்த ஈஸ்ட் சிவக்கும். பாடத்தில் படித்ததுதான். பசியில் சிவந்ததை விஷத்தில் சிவந்ததாக நம்பிவிட்டார்கள். மிச்சச் சோளத்தை மதுரையில் ஒரு லேபுக்கு அனுப்பினார்கள். நஞ்சு இல்லை என்று வந்தது.

குழு போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. அந்த வருத்தம் சீக்கிரமே ஆறியது. ஆறாதது வீட்டில் இருந்தது. பரீட்சை முடியட்டும், தீபாவளி போகட்டும், அப்பாவுக்கு முழங்கால் வலி தீரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் ஊர்க்காரர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். “ஆடு மாட்டக் காப்பாத்துன பிள்ள” என்றார்கள். உட்கார்ந்து வந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்து நொந்துகொண்டாள்.

அடுத்த அறுப்பும் வந்தது. அன்றும் தூறல். குவித்துக் கிடந்த சோளத்தின் முன்னால் நின்று, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

குவியலைப் பார்த்தபடியே கோபாலசாமி கேட்டார்.

“அப்ப குழிக்குள்ள போனது நல்ல சோளமா?”

“ஆமாப்பா.”

“நம்மது போனாப் போவுது தாயி. வன்னியபெருமாள்ட்ட நாந்தான போயிக் கெஞ்சுனேன்?” துண்டை உதறித் தோளில் போட்டார். “வா. அவன்ட்ட நீயே சொல்லு.”

வன்னியபெருமாள் ரோட்டோரத்தில் நனைந்த சோளத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க அண்ணாச்சி. வா தாயி, நானே ஒன்னத் தேடி வரணும்னு இருந்தேன்.” ஒரு கை சோளத்தை அள்ளி அவளிடம் நீட்டினார். “நாளைக்கி யாவாரி வாரான். குடுக்கவா, பொதைக்கவா? நீ என்ன சொல்லுதியோ அதுதான்.”

கோபாலசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

“எனக்குத் தெரியாது சித்தப்பா,” என்றாள் முத்துசெல்வி. “போன வருசமும் எனக்குத் தெரியாது.”