குவளையில் நின்ற பிரஷ்

நான் எழுதுவது சின்னச் சின்னப் பொருட்களைப் பற்றித்தான். தோசைக் கரண்டி, ஊக்கு, குளியலறை வாளி. எதுகை மோனை கிடையாது. நாலு வரி வந்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடுவேன். திருச்செங்கோட்டில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் ரிக் வண்டியோடு வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போனவர்கள். என் வீட்டுக்காரர் அப்போது சத்தீஸ்கரில் இருந்தார். பேச ஆளில்லாத வீட்டில் வாளியோடாவது பேசலாமே.

அன்று காலை அவர் விட்டுப்போன பல் பிரஷ் குவளையில் நிற்பது கண்ணில் பட்டது. போட்டோ எடுத்துக் கீழே எழுதினேன்:

காய்ந்து போன பிரஷ்.
எடுத்து எறிந்துவிடவா என்று
தினமும் கேட்கிறது குவளை.
நான் பதில் சொல்வதில்லை.

போட்டுவிட்டு உலை வைத்தேன். அரிசி கொதிப்பதற்குள் பின் தெருப் பெண் ஓடிவந்தாள். அவள் புருஷனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே வண்டியில் வேலை. தலைகூடச் சீவவில்லை, மூச்சு வாங்கியது.

"அக்கா, அண்ணனுக்கு என்னங்க ஆச்சு?"

"ஏஞ்சாமி? ஒண்ணும் இல்லையே."

"மறைக்காதீங்கக்கா. பிரஷ்ஷத் தூக்கி எறியறதாப் போட்டிருக்கீங்க. எங்க ஊட்டுக்காரருக்கும் போன் போவ மாட்டேங்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் ஸ்டேட்டஸில் ஒரு படமும் கீழே நாலு வரியும் வந்தால் பெரும்பாலும் சாவுச் செய்திதான். பிரஷ், சீப்பு, பாய் எல்லாம் செத்தவர்களுடையதைத்தான் எடுத்து எறிவோம். வண்டி கிளம்பிய கையோடு வீடு கூட்டக்கூட மாட்டோம். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இதை எழுதியிருக்கிறேன். புத்தி எங்கே போயிற்று!

"அது கவிதை சாமி" என்றேன்.

"கவிதையா?" என்றாள். நம்பவில்லை.

அவளைச் சமாதானப்படுத்தத்தான் இவருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் அதே. நானே எழுதி வரவழைத்துவிட்டேனோ? குழாய் இறக்கும்போது ஏதாவது அறுந்து விழுந்திருக்குமோ? ஸ்டேட்டஸை அழித்தேன். அழிப்பதும் அபசகுனமோ என்று தோன்றியது. இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தோம். சோறு அடிப்பிடித்த வாசம் வந்தும் எழவில்லை.

மத்தியானம் அவள் போன் அடித்தது. காட்டுக்குள் வேலை, சிக்னல் இல்லை என்றான் அவள் புருஷன். அவள் அழுத அழுகையில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் போனைப் பிடுங்கி, "அவரு பக்கத்துல இருக்காராப்பா?" என்றேன். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அவர் குரல்.

"என்ன சாமி?"

"சாப்ட்டீங்களா?" என்றேன்.

கிளம்பும்போது அவள் வாசலில் தயங்கி நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எங்க ஊட்டுப் பொருள் எதையும் எழுதிப் போட்றாதீங்க."

"எழுத மாட்டேன் சாமி."

மனசாரத்தான் சொன்னேன். அவள் குனிந்து செருப்பை மாட்டினாள். அவசரத்தில் ஒரு காலுக்குத் தன்னுடையதும் மறு காலுக்குப் புருஷனுடையதும் போட்டு வந்திருக்கிறாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் எனக்கு முதல் வரி வந்துவிட்டது. என்னைக் கண்டே எனக்குப் பயமாக இருந்தது.