ஏரி மேல் ஒரு மோட்டார் சைக்கிள்

போன ஞாயிறு நான் ஒரு ஏரியின் நடுவில் நின்றேன். படகில் அல்ல... சப்பாத்தோடு!

மொன்றியலில் இருந்து ஒன்றரை மணிநேரக் கார் ஓட்டம். ஏரி குளிரில் உறைந்து இறுகிக் கிடந்தது. அதன் மேல் வான் வண்டிகள், பிக்கப் ட்ரக்குகள், சூப் விற்கிற ஒரு வண்டி. மொன்றியலில் நான் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில் வீட்டுக்கும் மெட்ரோவுக்கும் இடையில் ஒரு துண்டு ஐஸைக் கண்டாலே சுவரைப் பிடித்து நடக்கிற ஆள் நான். எனக்கு அங்கே என்ன வேலை?

எல்லாம் சிந்துவால் வந்தது. என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் குலம் என்பவரின் மகள். பதினைந்து வயது. ஐஸ் மேல் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட வேண்டுமாம்!

"பணக்காரப் பிள்ளையளின்ர விளையாட்டெல்லே அண்ணை?" என்று குலம் என்னிடம் கேட்டார். அவருக்கு டோர்வலில், விமானத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. கூட வேலை செய்யும் மரீஸ் என்ற பிரெஞ்சுப் பெண்மணியிடமும் இதையே கேட்டிருக்கிறார். மரீஸ் சிரித்தாராம். அவருடைய இரண்டு பிள்ளைகளும் இந்தப் பந்தயம் ஓடி வளர்ந்தவர்கள். புதிதாக ஒன்றும் வாங்காதே, சின்ன இன்ஜின் உள்ள பழைய பைக் போதும் என்றாராம். ஆணி வைத்த டயரை, பந்தயத்தை விட்டவர்களிடம் மலிவாக வாங்கலாம். என் பிள்ளைகளின் தோல் உடுப்பும் பூட்ஸும் வீட்டில் சும்மா கிடக்கின்றன, எடுத்துக்கொண்டு போ. ஹெல்மெட்டை மட்டும் புதிதாக வாங்கு — அதில் மிச்சம் பிடிக்காதே!

நல்ல புத்திமதி. இரவல் நகையோடு கல்யாண வீட்டுக்குப் போய்வந்த நமக்கு இது புரியாதா என்ன?

வீட்டில் ஒரே ஒரு தடை. சிந்துவின் அம்மா மதி. யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"ஒருக்கா விழுந்தாலும் சரி, அண்டைக்கே பைக்கை வித்துப்போடோணும். பேந்து அழக்கூடாது."

"ஓம் அம்மா" என்றாள் சிந்து. வேறு என்ன சொல்வாள்?

ஞாயிறு வந்தது. துணைக்கு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள்; மரீஸ் தன் வான் வண்டியில் பைக்கை ஏற்றி வந்தார். புதியவர்களுக்கான ஓட்டம். சிந்துவின் மணிக்கட்டில் ஒரு கயிறு மாட்டினார்கள் — ஆள் விழுந்தால் அது இழுபட்டு இன்ஜின் நின்றுவிடும். கொடி அசைந்தது. நேர்ப் பாதையில் நன்றாகத்தான் போனாள். வளைவு வந்தது. மற்றவர்கள் திரும்பினார்கள். சிந்து திரும்பவில்லை! பைக் நேரே போய்ப் பனிமேட்டில் குத்தியது. பிள்ளை அதற்கு மேலால் பறந்துபோய் விழுந்தாள்.

மதி ஓடினார். அந்த ஐஸில் எப்படி ஓடினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடி ஒன்றும் இல்லை. ஆனால் சிந்து பனியில் இருந்தபடியே விம்மி விம்மி அழுதாள். வலியால் அல்ல... பைக் போய்விட்டதே!

மரீஸ் அவளைத் தூக்கி நிறுத்தி, கையை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. மற்றக் கை? அதுவும் மடங்கவில்லை. மரீஸ் அவளை வானுக்குள் கூட்டிப்போய்த் தோல் ஜாக்கெட்டின் ஸிப்பை இழுத்தார்.

உள்ளே ஒரு சுவெட்டர். அதற்குள் இன்னொன்று. அதற்குள் குலத்தின் கம்பளிச் சட்டை. அதற்குள்... வேண்டாம், விடுங்கள். விடியற்காலையில் மதி கட்டிவிட்ட கட்டு அது! குளிருக்குள் பிள்ளையை நாம் எப்படி வெளியே அனுப்புவோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அந்தக் கைகளால் ஹாண்டிலைத் திருப்புவது எப்படி?

"மொன் தியூ, கடவுளே!" என்றார் மரீஸ். தோலுக்கு உள்ளே மெல்லிய சூட்டு உடுப்பு ஒன்றே போதுமாம்.

பொத்திப் பொத்தி வளர்க்கிறோம் என்று பெருமைப்படுகிறோம். சில நேரம் அந்தப் பொத்துதல்தான் பிள்ளையை விழுத்துகிறது.

உரித்த சுவெட்டர்களை அணைத்தபடி மதி நின்றார். சிந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இது என்ர பிழை" என்றார் மதி, கடைசியில். "இதைக் கணக்கில எடுக்கேலாது. போ பிள்ளை."

அடுத்த ஓட்டம். அதே வளைவு. சிந்து பைக்கைச் சரித்தாள்... இன்னும் சரித்தாள்... ஹாண்டில் ஐஸைத் தொட்டுவிடும் போலிருந்தது. கண்ணை மூட நினைத்தேன், முடியவில்லை. ஆணிகள் கிளப்பிய ஐஸ் தூள் வெயிலில் மினுங்க, அதற்குள்ளிருந்து அவள் வெளியே வந்தாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருஷமாக நான் பயந்து பயந்து மிதித்த ஐஸ்! அதை நம்பி ஒரு சின்னப் பெண் தன் முழுப் பாரத்தையும் சாய்க்கிறாள், அதுவும் அவளைத் தாங்குகிறது. இதைப் பார்க்கவாவது இந்த நாட்டுக்கு வந்தேனே என்று நினைத்தேன். கண் கலங்கியதைக் குளிர் மேல் போட்டுச் சமாளித்தேன்.

கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாள். அதனால் என்ன?

ஹெல்மெட்டைக் கழற்ற முன்பே மதி அவளைப் பிடித்து மரீஸின் பக்கம் திருப்பினார்.

"பிள்ளை, பிரெஞ்சில கேட்டுச் சொல்லு. வாற வருசம் உனக்குக் கால் வளந்திடும். அடுத்த அளவுப் பூட்ஸ் ஆரிட்டைக் கிடக்கு?"