மடியில் ஒரு குடம் தண்ணீர்

என் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். பாப்பாரப்பட்டியிலிருந்து தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப்போவேன். அன்று உச்சி வெயிலில், பாதி வழியில் கார் முன்பக்கம் ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் விரிசல் விட்டுத் தண்ணீரெல்லாம் ஒழுகிப்போயிருந்தது.

போனில் மெக்கானிக், "சூடு ஆறுனதும் சோப்பைப் பிசைஞ்சு விரிசலை அடைங்கக்கா. தண்ணி ஊத்திக்கிட்டே மெதுவா போயிரலாம்" என்றார். காரில் சோப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. உள்ளே என் கணவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கைகாட்டிய வண்டிகள் எதுவும் நிற்கவில்லை. ரோட்டிலேயே நின்று அழுதேன்.

லாரித் தண்ணீர் பிடித்து மொபெட்டில் இரண்டு குடத்தோடு வந்த ஒரு பெண் நிறுத்தினாள். நான் சொன்னதைக் கேட்டதும் வீட்டுக்குப் போய்த் துணி சோப்பு எடுத்து வந்தாள். ஆறியதும் இருவருமாக அடைத்து, ஒரு குடத்தை ஊற்றினோம். அப்போதும் சொட்டியது.

"வழியில தண்ணி தீந்தா தனியா என்னக்கா பண்ணுவீங்க? நானும் வரேங்க."

மொபெட்டை ஓரங்கட்டிவிட்டு, மற்றக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். இரண்டு இடத்தில் நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றினோம்.

ஆஸ்பத்திரியில் அவரை டயாலிசிஸுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். "நீ கிளம்பும்மா" என்றேன். "அண்ணனைப் பாத்துட்டுப் போறேங்க" என்று வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த வராந்தாவில் காத்திருப்பதைத் தவிர என்னால் எப்போதும் எதுவும் செய்ய முடிந்ததில்லை. அன்றும் அப்படித்தான். ஆனால் அன்றுதான் முதல்முறையாகத் தனியாகக் காத்திருக்கவில்லை.