சுத்த சைவ மீன்கள்

மயிலாப்பூர் கோயில் குளத்துப் படியில் குனிந்து மெல்லிய துணி வலையை இழுக்கிறேன். குளத்துப் பூச்சிகளை ஆராயும் நான் ரயிலேறி வந்ததே இந்த ஒரு பாட்டில் தண்ணீருக்காகத்தான். படியோரம் பொரி விற்கும் அம்மா ஓடி வருகிறார்.

“இன்னாம்மா, சாமி மீனப் புடிச்சிக்கினு கீற?”

“மீன் இல்லம்மா. தண்ணில மிதக்குற பூச்சி.”

பாட்டிலை வெயிலில் தூக்கிக் காட்டுகிறேன். குளத்தில் மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுவதற்கு முன்பு நான் இங்கே எடுத்த தண்ணீரில் கடுகளவுப் பூச்சிகள் துள்ளின. இப்போது தூசியளவுப் பொடிகள் மட்டுமே.

“பெருசையெல்லாம் உங்க மீன் தின்னுடுச்சு.”

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. “இன்னா பேச்சு பேசுற? கோயில் மீனு சுத்த சைவம். பொரிதான் துன்னும்.”

“அப்போ பெரிய பூச்சியெல்லாம் எங்கே?”

கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

“கோயில் கொளத்துல இருந்ததுங்க இல்ல? மோட்சத்துக்குப் போயிருக்கும்.”