கிளெம் பெட்ச் நம்பாத கல்குவியல்

கட்டைவிரலை அம்பின் மேல் வைத்து அழுத்துகிறார் கிளெம் பெட்ச். கம்பத்தில் அறைந்த வட்டத் தகட்டில் மஞ்சள் அம்பு. நேற்று எந்தப் பக்கம் காட்டியதோ அதே பக்கம்தான் இன்றும் காட்டுகிறது. அவருக்கு அது போதாது. ஆணி தளர்ந்திருக்கிறதா, யாராவது திருகிப் பார்த்துவிட்டுப் பழையபடி வைத்திருக்கிறார்களா என்று அழுத்திப் பார்த்தால்தான் அடுத்த கம்பத்துக்குக் கால் நகரும்.

"பழையபடியே வைக்கிறவன் எதுக்குடா திருகப் போறான்?" என்பார் அக்கா ஹில்டா.

"அதுதான்க்கா எனக்கும் புரியல. அதனாலதான் பாக்குறேன்."

மடாலயத்தின் இடிந்த சுவரில் தொடங்கி, பள்ளத்தாக்கில் இறங்கி, ஓடையைத் தாண்டி, ஹெதர் புதர் மூடிய மேட்டுநிலத்தில் ஏறி, பழைய கல்சிலுவையைக் கடந்து போகிறது நடைபாதை. பாதையில் நடக்கும் உரிமை ஊர் உலகத்துக்கே உண்டு. பாதை கிடக்கிற நிலம் மட்டும் ஆளுக்கொரு பங்கு. இந்த இரண்டுக்கும் நடுவே சம்பளம் இல்லாமல் நிற்பவர் கிளெம். கல்குவாரியில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு ஊர் மன்றம் அவரைப் பாதைக் காவலர் ஆக்கியது. சரியான ஆளைத்தான் பிடித்தார்கள் என்று ஹில்டா கடையில் ரொட்டி வாங்கும்போதெல்லாம் சொல்லிவிடுவார். பக்கத்துப் பள்ளத்தாக்கில் சுவரேறும் படி உடைந்து இரண்டு குளிர்காலமாகக் கிடக்கிறது. இங்கே ஒரு படி ஆடினால் அன்று மாலைக்குள் அதற்கு ஆப்பு அடித்திருப்பார்.

எதிரே வருகிற நடையர்களிடம் "எந்தப் பக்கமா வந்தீங்க?" என்று கேட்பார் கிளெம். பதிலைக் காதில் வாங்குவதில்லை, காலணியைப் பார்ப்பார். செம்மண் ஒட்டியிருந்தால் ஓடை வழியாக வந்தவர், ஒழுங்கானவர். கறுப்புச் சேறு ஒட்டியிருந்தால் பாதையை விட்டு இறங்கியவர். சேறே இல்லாமல் பளபளவென்று இருந்தால் அவரை நம்பவே கூடாது, காரை எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறார்.

வேலிக்கதவில் கட்டிய ஆரஞ்சுக் கயிற்றின் முடிச்சைப் பார்த்தே கட்டியது எந்தப் பண்ணைக்காரர் என்று சொல்லிவிடுவார். 'காளை உண்டு, எச்சரிக்கை' என்ற பலகையைக் கண்டால் சுவர் மேல் ஏறிக் காளையைத் தேடுவார். நடப்பவர்களை விரட்டக் காளை இல்லாமலே பலகை வைக்கிற ஆட்கள் உண்டு என்பது அவர் கட்சி. ஒருமுறை காளை இருந்தது. அன்று கிழிந்த கால்சட்டையைத் தைத்தவர் ஹில்டாதான். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, வெளுப்புக்கடையில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு வளர்ந்த கை. தையல் வெளியே தெரியவில்லை.

"காளை இருந்துச்சுல்ல, இப்ப நம்புறியா?"

"இருந்துச்சு. ஆனா அதை அன்னைக்குத்தான் கொண்டாந்து விட்டிருக்கான்."

இந்த வசந்தத்தில் அவருடைய சந்தேகத்துக்குப் பெரிய தீனி கிடைத்தது. மேட்டுநிலத்தில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் அம்பு தெரியாது. அங்கங்கே அடுக்கிய கல்குவியல்கள்தான் வழி சொல்லும். ஒன்றின் அருகே நின்று அடுத்ததைத் தேடிப் பிடித்து நடக்க வேண்டும். கல்சிலுவைக்கு அப்பால், பாதைக்கு இடப்புறமாக, புதிதாக ஒரு குவியல் முளைத்திருந்தது. வெயில் நாளில் ஆட்டுத்தடத்தில் சுற்றிக்கொண்டு அங்கே போய்விடலாம். மூட்டத்தில் சிலுவையிலிருந்து அதை நோக்கி நேராக நடந்தால் நடுவே புதைசேறு.

மார்ச்சில் ஒரு பள்ளி ஆசிரியை அப்படித்தான் இடுப்புவரை இறங்கிவிட்டார். மீட்புக்குழு கயிறு போட்டு இழுத்தது. அவருடைய காலணிகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன.

அன்றே கிளெம் போய்க் குவியலை முழங்கால் உயரத்துக்குக் கலைத்துப் போட்டார். இரண்டு வாரத்தில் அது மறுபடியும் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

"ஒருத்தன் மெனக்கெட்டு அடுக்குறான்க்கா. ஐசக்தான்."

அந்த நிலத்தில் ஐசக் டௌசனின் ஆடுகள் மேய்கின்றன. போன வருடம் சுவரேறும் படிக்குக் குறுக்கே முள்கம்பி கட்டியவரும் ஐசக்தான். கிளெம் அதை வெட்டி, சுருட்டி, அவர் வாசற்கதவில் மாட்டிவிட்டு வந்தார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. நடப்பவர்களைச் சேற்றில் இறக்கிப் பாதைக்கே கெட்ட பெயர் வாங்கித் தந்து, மாவட்ட அலுவலகத்தைக் கொண்டே மூடவைக்கப் பார்க்கிறான்: இது கிளெமின் கணக்கு. செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்லப்போவதாக அறிவித்தார்.

ஹில்டா தேநீரைக் கீழே வைத்தார். "ஆளை சாகடிக்கப் பாத்தான்னு நாலு பேர் முன்னாடி சொல்லப் போற. அதுக்கப்புறம் அந்தாளு இந்த ஊர்ல தலை நிமிந்து நடக்க முடியாது. நீ கண்ணால பாத்தியா?"

"பாக்காட்டி என்ன?"

"பாத்துட்டுச் சொல்லு. தப்பாப் போச்சுன்னா நீ பாட்டுக்கு மேட்டுல சுத்துவ. அவன் பொண்டாட்டிகிட்ட முட்டை வாங்குறவ நான்."

அதனால்தான் சனிக்கிழமை காலை அக்காவும் தம்பியும் மேட்டில் ஒரு கல்மறைவுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பறவை வேட்டைக்காரர்கள் துப்பாக்கியோடு பதுங்குவதற்குக் கட்டிய இடுப்பளவுச் சுவர் அது. அங்கிருந்து பார்த்தால் குவியல் நன்றாகத் தெரியும். தம்பி உளவு பார்த்தார். அக்கா பழக்கேக்குக்கு இடையே பாலாடைக்கட்டியை வைத்து நறுக்கினார்.

முதலில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஆட்டுத்தடத்தில் சுற்றிக் குவியலுக்குப் போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். கிளம்பும்போது அந்தப் பெண் குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கி, குவியலின் உச்சியில் பயபக்தியோடு வைத்தார். கணவனும் ஒன்று வைத்தார்.

"ஐசக்கோட ஆளுங்களா இருக்கும்" என்று கிசுகிசுத்தார் கிளெம்.

"ஆமா. கூலிக்கு வெச்சிருக்கான்."

பிறகு ஒரு நடைக்குழு வந்தது. குவியலைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு கல் வைத்தார்கள். தாடிக்காரர் ஒருவர் கல் தேடி வெகுதூரம் போய், மூச்சிரைக்கத் தூக்கிவந்தார். குவியலைக் கடப்பவர் அதில் ஒரு கல் சேர்ப்பது மேட்டுநிலத்து மரியாதை. கிளெம் தன் வாழ்நாளில் எத்தனையோ குவியல்களில் வைத்திருக்கிறார். கையிலிருந்த கேக்கைக் கடிக்க மறந்து பார்த்தார்.

நடைக்குழு மறைந்ததும் நாலு சக்கர பைக்கின் உறுமல் கேட்டது. ஐசக் டௌசன். கிளெம் நிமிர்ந்தார். ஐசக் பைக்கை நிறுத்தி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குவியலில் கை வைத்தார்.

"ஐசக்!" என்று கத்தியபடி சுவரைத் தாண்டினார் கிளெம். "கையும் களவுமா மாட்டினியா!"

ஐசக் கையில் ஒரு கல்லோடு திரும்பினார். "எதுல மாட்டினேன்?"

"கல்லு வெக்கிறதுல!"

"குருடா. நான் எடுத்துக்கிட்டிருக்கேன்."

பின்னாலேயே வந்த ஹில்டா பார்த்தார். உண்மைதான். ஐசக்கின் காலடியில் மூன்று கற்கள் கிடந்தன, ஈரப்பக்கம் மேலே தெரிய.

"எதுக்கு எடுக்குற?" என்றார் கிளெம்.

ஐசக் இன்னொரு கல்லை இறக்கினார்.

"யார் கட்டினதுன்னு சொல்லு ஐசக். செவ்வாக்கிழமை உன் பேரைச் சொல்லப் போறேன்."

"சொல்லிக்கோ."

"ஐசக்," என்றார் ஹில்டா, "உன் நாய் பெஸ் எங்க? ரொம்ப நாளா பைக்குல காணோமே. வயசாயிடுச்சு, அக்கா வீட்டுல விட்டிருக்கேன்னு மதுக்கடையில சொன்னியாமே."

ஐசக்கின் கை நின்றது.

"உனக்கு அக்காவே கிடையாதே" என்றார் கிளெம். இதுவரை இந்த ஒன்றை மட்டும் அவர் சந்தேகிக்கத் தவறியிருந்தார்.

ஐசக் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "இங்கதான் உக்காந்திருப்பா. ஆடு சேத்துப் பக்கம் போனா எந்திரிச்சு நிப்பா, அவ்வளவுதான், திரும்பிடும். பனி பேஞ்ச அன்னைக்கு இங்கயே போயிட்டா. நரி தோண்டக் கூடாதுன்னு ரெண்டு கல்லு வெச்சேன். அவ்வளவுதான் நான் வெச்சது. அப்புறம் வர்றவன் போறவன் எல்லாம்..." குவியலைக் காட்டினார். "எடுத்துக்கிட்டே இருக்கேன். தீரல."

"அந்த டீச்சர் சேத்துல இறங்கினப்பவே சொல்லியிருக்கலாமே!" என்றார் கிளெம்.

"நாய்க்கு அழுதவன்னு மதுக்கடையில காலம் பூரா சிரிப்பானுங்க. உனக்கென்ன, நீ நாயே வளத்ததில்ல."

கிளெம் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு காலணியைப் பார்த்தார். கறுப்புச் சேறு. குனிந்து குவியலிலிருந்து ஒரு கல்லைத் தூக்கினார். ஹில்டா மீதிக் கேக்கை ஐசக்கிடம் நீட்டிவிட்டுத் தானும் கை வைத்தார். நண்பகலுக்குள் குவியல் தரைமட்டமானது. ஒரே ஒரு தட்டைக்கல் மிஞ்சியது. ஐசக் முதலில் வைத்தது.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் தலைவர் அம்மாள் வழக்கம்போலக் கேட்டார்: "பாதையைப் பத்தி ஏதாவது இருக்கா, கிளெம்?"

கிளெம் எழுந்தார். பின்வரிசையில் ஐசக் டௌசன் தொப்பியை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹில்டாவின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"சிலுவைக்கு அந்தாண்ட இருந்த குவியலைக் கலைச்சாச்சு."

"யாரு கட்டினதாம்?"

"நடக்கிறவங்க."

உட்கார்ந்துவிட்டார். ஹில்டா மேசையை விட்டார்.

கிளெம் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஐசக் மறுபடியும் முள்கம்பி வாங்கியிருப்பதாக நேற்றுகூடச் சொன்னார். ஆனால் அவருடைய மேற்சட்டைப் பைகள் கிழிந்து வருகின்றன. ஹில்டா காரணம் கேட்காமல் உள்ளே தடித்த கித்தான் துணி வைத்துத் தைத்துக் கொடுக்கிறார். தையல் வெளியே தெரியாது.

போன ஞாயிறு அவர்கள் மேலே போனபோது, ஒரு பெண் கையில் கல்லோடு ஆட்டுத்தடத்தில் நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க ஒரு குவியல் இருந்துச்சே, ஐயா?"

கிளெம் உள்ளங்கையை நீட்டினார். "குடுங்க. நான் வெச்சுடுறேன்."

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிக் கல்லைக் கொடுத்துவிட்டு நடந்தார். உருவம் சரிவில் மறையும்வரை கிளெம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்; திரும்பி வரமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பிறகு கல்லைப் பையில் போட்டுக்கொண்டார். குனிந்து, புல் மூடத் தொடங்கியிருந்த தட்டைக்கல்லின் மேல் கட்டைவிரலை வைத்து, ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தார்.