நாடாப் புண்

கோள் சொன்னதற்காக ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடிய பிள்ளை அநேகமாக நான் ஒருத்திதான். அப்போது எனக்கு எட்டு வயது.

கொள்ளிடக் கரையில் எங்களுக்கு வாழைத்தோப்பு. அப்பா இலை அறுத்துப் போட, அம்மா முழங்கால் உயரப் புல்லில் உட்கார்ந்து கட்டுக் கட்டுவாள். அந்த ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் மாத்திரை விழுங்கியும் இறங்கவில்லை. மண்டையைப் பிளக்கிறது என்று தலையைப் பிடித்துக்கொண்டாள், கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை என்றார்கள். ஆனால் ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போயின, மூச்சும் வாங்க ஆரம்பித்தது.

எனக்கோ ஒரே கொண்டாட்டம்! ஸ்கூல் கிடையாது. தினமும் மாமாவின் பைக்கில் முன்னால் உட்கார்ந்து காவிரிப் பாலத்தைத் தாண்டலாம். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேறு! ஏழெட்டுத் தடவை மேலும் கீழும் போய்வந்து வாட்ச்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கேன்டீனில் பூரி. அம்மாவுக்கு இன்னும் ரெண்டு நாள் காய்ச்சல் இருந்தால் தேவலை என்று நினைத்த படுபாவி நான்.

மூன்றாம் நாள் காலையில் லால்குடியிலிருந்து சித்தி வந்தாள், அம்மாவின் தங்கை. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விட்டு விட்டுப் பேசினாள். நான் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டேன்.

"தலைய இறுக்கிப் பின்னாதடி, அழுவா. கத்திரிக்கா வச்சா துப்பிடுவா. இடி இடிச்சா படுக்கையை நனைச்சிடுவா. திட்டாத, பக்கத்துல படுத்துக்க."

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன். எனக்கு மானமே போய்விட்டது. படுக்கை விஷயம் எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்! இரு, உன்னை என்ன செய்கிறேன் பார் என்று கறுவிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டரம்மா உள்ளே வந்தார், பின்னால் இரண்டு சின்ன டாக்டர்கள்.

"உடம்புல புண்ணு, காயம் ஏதாவது இருக்காம்மா?"

"இல்லைங்க" என்றாள் அம்மா.

கட்டிலுக்கு அடியிலிருந்து பாய்ந்து வந்தேன். "பொய்! இடுப்புல புண்ணு இருக்கு! தேங்காயெண்ணெய் தடவிக்கிறாங்க. அப்பாகிட்ட சொல்லாதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க!"

"அது உள்பாவாடை நாடா அறுத்த புண்ணுங்க" என்று அம்மா முனகினாள். இறுக்கிக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது சகஜம். யாரும் அதை ஒரு புண்ணாகவே சொல்லமாட்டார்கள்.

டாக்டரம்மா நாடாவைத் தளர்த்திப் பார்த்தார். பட்டாணி அளவுக்குக் கருகின பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம், பீடியால் சுட்டதுபோல. விரலால் மெல்ல அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"நாடாப் புண்ணுன்னா எரியும்மா. இது வலிக்காது, அரிக்காது. அதான் ஏமாத்திடும்." சின்ன டாக்டர்கள் பக்கம் திரும்பினார், குரலே மாறியிருந்தது. "உண்ணிக் காய்ச்சல்! புல்லுல இருக்குற பொடிப் பூச்சி கடிச்சிருக்கு. ரத்தம் எடுத்து அனுப்புங்க, ஆனா ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம். மருந்தை இப்பவே ஆரம்பிங்க!"

அப்புறம் என் கன்னத்தைக் கிள்ளி, "யாரு பெத்த பிள்ளைடி நீ!" என்றார்.

இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. ரத்தப் பரிசோதனையும் உண்ணிக் காய்ச்சல்தான் என்றது. மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வராந்தா முழுக்க ஆடினார், நர்சுகள் சாக்லேட் கொடுத்தார்கள். ஸ்கூலில் நானே டாக்டர் என்கிற அளவுக்கு அளந்துவிட்டேன்.

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. அம்மா வீட்டுக்கு வந்த மறுவாரம், "சித்திகிட்ட ஏன் எல்லாத்தையும் சொன்னே?" என்று மல்லுக்கு நின்றேன். அவள் என்னை இழுத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள், விடவே இல்லை.

தான் இல்லாமல் போனால் என்னை எப்படி வளர்க்க வேண்டும் என்று அன்று அவள் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு விளங்க, எனக்கொரு மகள் பிறக்க வேண்டியிருந்தது. அந்தப் பிடியில் எனக்கு மூச்சு முட்டியது, அவ்வளவுதான். "விடும்மா, வேன் வந்துடும்" என்று திமிறிக்கொண்டு ஓடினேன்.